சிறிய ஆம்ப்ளிபையருக்கு எந்தப் பவர் சப்ளை? மூன்றை மாற்றிப் பார்த்த அனுபவம்

டிபிஏ3116 சிப் பொருத்திய கிளாஸ்-டி (வெப்பமாக அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிபையர் பலகைகள் பெரும்பாலும் பவர் சப்ளை இல்லாமலேயே விற்கப்படுகின்றன. '50+50 வாட்' என்ற அச்சை நம்பித்தான் நானும் ஒன்றை வாங்கினேன். அந்த 50 வாட், 21 வோல்ட் மின்சாரமும் 4 ஓம் ஸ்பீக்கரும் இருந்து, ஒலியில் 10 சதவீதச் சிதைவையும் பொறுத்துக்கொண்டால் கிடைக்கும் அளவு என்பது சிப்பின் தரவுத்தாளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. என்னிடம் இருந்தவையோ 8 ஓம் ஸ்பீக்கர்கள்; ஓம் (மின்தடை) கூடினால் கிடைக்கும் வாட் குறையும்.

முதலில் கைவசம் இருந்த 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை இணைத்தேன். இவ்வகை ஆம்ப்ளிபையரில் சிதையாமல் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் திறனை, வோல்ட்டின் வர்க்கத்தை ஸ்பீக்கர் ஓமின் இருமடங்கால் வகுத்துத் தோராயமாக அறியலாம். அதன்படி 12 வோல்ட்டுக்கு ஒரு பக்கம் 9 வாட்தான் வரும். மெல்லிய ஒலியில் குறையொன்றும் தெரியவில்லை. ஒலியைக் கூட்டியதும் டிரம் அடி விழும் இடங்களிலெல்லாம் கரகரப்பு கேட்டது. 4 ஓம் ஸ்பீக்கர்களை மாட்டியபோது நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு பெரிய அடிக்கும் பலகையின் விளக்கு அணைந்து, பாட்டு அறுந்து, ஒரு நொடி கழித்து மீண்டும் தொடங்கியது. கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்று நின்று எழுவதன் அடையாளம் அது. ஆம்ப்ளிபையர் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்த்து ஒரு மாலை வீணானது.

அடுத்து வந்தது பழைய மடிக்கணினியின் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் அடாப்டர். இதில் 8 ஓமுக்கு ஒரு பக்கம் சுமார் 22 வாட் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் முழுத் திறனில் ஓடினாலும், ஆம்ப்ளிபையரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து 50 வாட் அளவே தேவைப்படும் என்பதால், 65 வாட் அடாப்டர் மூச்சு வாங்குவதில்லை. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் 90 வாட் அடாப்டரைத் தேடிக்கொள்வது நல்லது. ஆம்பியர் அதிகமாக இருந்தால் பலகை எரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வோல்ட் சரியாக இருக்கும்வரை, பலகை தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (திருகுமுனைகளோடு வரும் ஸ்விட்சிங் பவர் சப்ளை) ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். கணக்குப்படி 36 வாட். ஆனால் 22 வாட்டிலிருந்து 36 வாட்டுக்குப் போவது வெறும் 2 டெசிபல் உயர்வு, காது அதைக் கவனித்தால்தான் உண்டு. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை சிறியதல்ல. சிப்பின் உச்சவரம்பு 26 வோல்ட். என் பலகையிலிருந்த பெரிய கெபாசிட்டர்களிலோ (மின்சாரத்தைத் தேக்கி வைப்பவை) '25 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தது. சப்ளையின் ஓரத்தில் வோல்ட்டைச் சரிசெய்யும் சிறு திருகு ஒன்றும் இருந்தது. அதைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் இரண்டு வரம்புகளையும் தாண்டிவிடலாம். வீட்டு மின்சாரம் வந்து சேரும் திருகுமுனைகள் திறந்தபடி இருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அதைப் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

டிரான்ஸ்பார்மர்தான் சுத்தமான ஒலி தரும் என்று சொல்பவர்கள் 18 வோல்ட் சுற்றை (மின்சாரத்தை வெளியே தரும் கம்பிச்சுருளை) தேர்ந்தெடுக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மர் தரும் ஏசி (மாறுதிசை) 18 வோல்ட், பலகைக்கு வேண்டிய டிசியாக (நேர்திசை) மாறும்போது சுமார் 24 வோல்ட்டாகிவிடும். சுமை இல்லாத நேரத்தில் அதற்கும் மேலே ஏறும். 15 வோல்ட் சுற்று போதுமானது.

இரைச்சல் விஷயத்தில் பவர் சப்ளையின் மீது பாதிப் பழி அநியாயமாக விழுகிறது. ஸ்பீக்கரிலிருந்து 'உஸ்' என்று மெலிதாக வருவது ஆம்ப்ளிபையரின் சொந்த இரைச்சல். எந்த அடாப்டரை மாற்றினாலும் அது போகாது. எனக்கு 'ர்ர்ர்' என்ற முனகல் கேட்டது, கணினியை இணைத்தபோது மட்டும். கணினியிலிருந்து வரும் ஒலிக்கம்பியைப் பிடுங்கி, ஆம்ப்ளிபையரின் உள்ளீட்டு முனைகளை ஒன்றோடொன்று இணைத்ததும் முனகல் நின்றது. ஆகவே குற்றவாளி அடாப்டர் அல்ல, இரு கருவிகளுக்கும் இடையே உருவான தரைவளையம் (இரண்டின் தரை இணைப்புகளும் ஒலிக்கம்பியும் சேர்ந்து உண்டாக்கும் மின்வளையம்). கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டபோது அது உறுதியானது.

எனவே என் தேர்வு 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டர்தான், ஒரு குறையோடு. அதன் பிளக்கின் துளை 2.5 மில்லிமீட்டர், பலகையின் சாக்கெட் ஊசி 2.1 மில்லிமீட்டர். நுழைந்துவிடும், ஆனால் பிடிப்பு இருக்காது. கம்பியைத் தொட்டாலே ஒலி விட்டுவிட்டு வரும். நான் பிளக்கை வெட்டிவிட்டு, எது பாசிட்டிவ் என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டு, சரியான அளவுப் பிளக்கைப் பற்றவைத்தேன்.