மேசைத் தறியில் மூன்று வருஷம்: தேய்ந்த பல்லும் 397 இழையும்

போன வாரம் பழைய ஆபீஸ் தோழி போன் பண்ணினாள். "அக்கா, நீங்க வெச்சிருக்கீங்களே, அதே மேசைத் தறி பாதி விலைக்கு வருது. வாங்கட்டுமா?" கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்றைக்குக் காலையில்தான் லேத் பட்டறையில் இருந்து பல்சக்கரத்தை வாங்கி வந்திருந்தேன். மூன்றாவது தடவை.

24 அங்குல அகலம், இழைகளைக் கோத்துத் தூக்க நாலு விழுதுச் சட்டம், மேலே நாலு நெம்புகோல். அதெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது இந்தச் சக்கரத்தைப் பற்றி. நெய்த துணியைச் சுற்றும் உருளையின் ஓரத்தில் இருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்த ஒரு நாக்கு. பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, இறுக்கினால் நாக்கு பல்லில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். குறுக்கு இழையை நெருக்கும் சீப்பு மாதிரியான அச்சை இழுத்து நாலு அடி அடித்ததும் "டக்". 397 இழையும் ஒரே நேரத்தில் தொய்ந்துவிடும். விற்றவரிடம் கேட்டேன். "ரொம்ப இழுத்துக் கட்டாதீங்க மேடம்" என்றார். தொய்வாகக் கட்டி நெய்ய இது என்ன ஊஞ்சலா? லேத் பட்டறைக்காரர் மட்டும் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்: "சக்கரம் அலுமினியம், நாக்கு இரும்பு. எது தேயும்னு நீங்களே சொல்லுங்க." முதல் இரண்டு தடவை தேய்ந்த பல்லை அரம் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை இரும்பிலேயே புதுசாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

397 என்பது நான் நெய்யும் தேன்கூட்டுத் துண்டின் கணக்கு. 1, 2, 3, 4, 3, 2 என்று ஆறு ஆறு இழையாக விழுதுக் கண்ணில் கோக்க வேண்டும். அப்படி 66 கொத்து, கடைசி ஓரத்தில் கூடுதலாக ஓர் இழை. இரவு இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மூன்று ராத்திரி பிடிக்கும். ஒருநாள் விடுமுறை கிடைத்ததே என்று பகலில் உட்கார்ந்தேன். 41-வது கொத்தில் சிலிண்டர்காரர் மணி அடித்தார். திரும்பி வந்து ஓர் இழையைத் தாண்டிக் கோத்திருக்கிறேன். பாதி நெய்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தப் பாவில் வந்த நாலு துண்டிலும் நெடுக ஒரு கோடு. பையன் அதை "சிலிண்டர் டவல்" என்பான். இப்போது பத்துக் கொத்துக்கு ஒரு துணிக் கிளிப் மாட்டிவிடுகிறேன்.

நெசவும் சுலபம் என்று சொல்ல மாட்டேன். அங்குலத்துக்கு 20 ஊடை, அதாவது குறுக்கு இழை; ஒரு துண்டு 36 அங்குலம். அதாவது 720 தடவை நெம்புகோலை மாற்றி, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை விட்டு, அச்சால் அடிக்க வேண்டும். குழித்தறிக்காரருக்குக் காலடியில் மிதி இருக்கிறது. இதில் எல்லா வேலையும் கைக்குத்தான். ஒரு துண்டுக்கு நாலு மணி நேரம். "கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளித் தள்ளுபடி முப்பது சதவீதம்" என்று வீட்டுக்காரர் வருஷா வருஷம் நினைவுபடுத்துகிறார். பதில் சொல்வதில்லை.

ஆனால் முதல் துண்டைத் துவைத்த நாளைச் சொல்லியாக வேண்டும். தறியில் இறுகிக் கிடக்கும்போது தேன்கூட்டு நெசவு தட்டையாகத்தான் தெரியும், கட்டம் போட்ட சாதாரணத் துணி மாதிரி. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டு, காய்ந்ததும் எடுத்தால், ஒவ்வொரு கட்டமும் குழி விழுந்து, ஓரம் எழும்பி, நிஜமாகவே தேனடை. 20 அங்குலம் 16 ஆகச் சுருங்கியிருந்தது. விரலை வைத்தால் குழிக்குள் நுனி உட்காரும். ஐப்பசி அடைமழையில், எங்கள் பால்கனியில், டர்க்கி டவல் நாற்றமெடுக்கும் முன்னாலேயே இது காய்ந்துவிடும்.

இன்னொன்றும் எதிர்பாராதது. டைனிங் டேபிளில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டதில் முதலில் கோபப்பட்டவர் மாமியார். இப்போது நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலான தாரைச் சுற்றித் தருவதே அவர்தான். சீரியல் ஓடும்போது ராட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். விளம்பர இடைவேளையில்தான் நிறுத்துவார். ஏன் தலைகீழாக என்று நான் கேட்டதில்லை. நான் சுற்றுவதைவிட அவர் சுற்றும் தார் ஒரே சீராக இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தேதான் தோழியிடம் "வாங்காதே" என்றேன். உருப்படியான பல்சக்கரம் ஒன்று போட முடியாதவரின் தறியை இன்னொருத்தி தலையில் கட்ட எனக்கு மனசில்லை.

ராத்திரி புதுச் சக்கரத்தை மாட்டி ஒரு சாண் நெய்து பார்த்தேன். அசையவில்லை. காலையில் அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: இப்பவும் வாங்காதே என்றுதான் சொல்கிறேன். வாங்கியே தீருவேன் என்றால், காந்தம் ஒன்று எடுத்துப் போய்ச் சக்கரத்தில் வைத்துப் பார், ஒட்டாவிட்டால் விலையைக் குறை. உபரி விழுது ஏதாவது தந்தால் எனக்கு எடுத்து வை.