கன்றா, தண்டா, பிரிவா: சென்னை மாடியில் ஆர்க்கிட் பெருக்கும் வழிகள்

சென்னையின் வெப்பத்தையும் ஈரக்காற்றையும் தாங்கி, மொட்டை மாடியில் நிழல்வலைக்குக் கீழே நன்றாக வளரும் ஆர்க்கிட்களில் ஒன்று டென்ட்ரோபியம் கலப்பினம். அதன் தாய்ச் செடியிலிருந்து வீட்டிலேயே புதுச் செடி எடுக்க மூன்று வழிகள் உள்ளன: தண்டின் கணுவில் தானாக முளைக்கும் கன்றைப் பிரித்தெடுப்பது, பூத்து ஓய்ந்த தண்டைத் துண்டாக்கி முளைக்க வைப்பது, புதரையே பிரித்து நடுவது. விதை வழி வீட்டுக்கு ஏற்றதன்று. உணவுச் சேமிப்பே இல்லாத அந்த நுண்விதை இயற்கையில் பூஞ்சையின் துணையோடும், ஆய்வகத்தில் சர்க்கரை கலந்த ஊடகத்திலும்தான் முளைக்கிறது.

மூன்றில் தாய்க்கு மிகக் குறைந்த சேதம் விளைவிப்பது கன்றுதான். ஆனால் அவசரம் கூடாது. இரண்டு மூன்று இலைகளும், ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறையாத சில வேர்களும் வரும்வரை அது தாயிடமே இருக்க வேண்டும். அதற்கு முன் பிரித்த கன்று, தன் வேரால் நீர் எடுக்க இயலாமல் நம் கோடையில் வாடிவிடும். ஒன்றிரண்டு கன்றுகள் இயல்பானவை. தண்டுக்குத் தண்டு கன்றாக வந்தால், மகிழ்வதற்கு முன் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வேர் அழுகும் செடி, தன் இனத்தைக் காக்கும் முயற்சியாகவே பெரும்பாலும் அவ்வாறு கன்று ஈனுகிறது.

தண்டுத் துண்டு முறையில் எண்ணிக்கை அதிகம் கிடைக்கும், ஆனால் பூவைக் காணப் பல ஆண்டுகள் ஆகலாம். இலை உதிர்ந்தும் பச்சையாகவும் தடிப்பாகவும் உள்ள தண்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு வெட்டி, ஈரமான தென்னை நார் மீது படுக்க வைத்து நிழலில் காத்திருக்க வேண்டும். சில துண்டுகள் முளைக்கும், சில அழுகும். மதிப்புள்ள ஒரே செடியை இந்தச் சோதனைக்கு உட்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விரைவில் பூ வேண்டுவோருக்குப் பிரிவே சிறந்தது. ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு தண்டுகளும், அவற்றுள் ஒன்றாவது புதுத்தளிர் விடும் நிலையிலும் இருந்தால், அடுத்த பருவத்திலேயே பூக்க வாய்ப்புண்டு. ஆறு தண்டுக்குக் குறைந்த செடியைப் பிளந்தால் இரு பங்குகளும் நலிந்துபோகும். பிரித்தவற்றைக் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய, துளைகள் மிகுந்த சிறு தொட்டியில் நட்டு, ஆடாதபடி குச்சியில் கட்ட வேண்டும்; ஆடும் செடியில் புது வேர் நிலைக்காது.

ஃபெலனாப்சிஸ் என்னும் வேறு வகை ஆர்க்கிட் வைத்திருப்போருக்குப் பிரிக்கும் தேர்வு இல்லை, ஏனெனில் ஒற்றைத் தண்டாக வளரும் அதைப் பிளக்க இயலாது. அதன் பூங்கொம்பின் கணுவில் சைட்டோகைனின் என்னும் தாவர வளர்ச்சி ஊக்கி கலந்த பசையைத் தடவிக் கன்றைத் தூண்டலாம். இருப்பினும் 28 டிகிரிக்கு மேல் நீடிக்கும் வெப்பத்தில் புதிய பூங்கொம்பே எழாது என்பதால், இங்கே முதலில் கொம்பு கிடைப்பதே அரிது. கன்றை வளர்க்கத் தாய் பெரும் ஆற்றலைச் செலவிடுவதால், இரண்டு இலைகளோடு தவிக்கும் செடிக்குப் பசை தடவுவது கொடுமை.

எந்த வழியானாலும் கத்திரி வெயில் தணிந்த ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை வெட்டுவதே உகந்தது, ஏனெனில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் காயம் ஆறி வேர் பிடித்துவிடும். வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்கான இலவங்கப்பட்டைப் பொடி தடவலாம். வேரில் பட்டால் அது வேரை உலர்த்திவிடும். ஒவ்வொரு செடிக்கும் முன் கத்தியை நெருப்பில் காட்ட வேண்டும், ஏனெனில் ஆர்க்கிட் வைரஸ்கள் சாற்றின் வழியே பரவுகின்றன. இலையில் தேமல் கோடுகளோ பூவில் நிறச் சிதைவோ காட்டும் தாயிடமிருந்து இந்த மூன்று வழிகளிலும் செடி எடுக்கக் கூடாது. கன்றும் துண்டும் பிரிவும் அதே நோயைச் சுமந்தே வரும்.