ஒலி மென்பொருள்: நீக்கும்போதுதான் தரம் தெரியும்

ஒலிப்புத்தகங்களுக்கு வீட்டிலேயே குரல் பதிவு செய்து பல வருடங்கள் ஆகின்றன. விண்டோஸ் போட்ட டெஸ்க்டாப், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், அவ்வளவுதான். எந்த மென்பொருளில் ஒலி நன்றாக வருகிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தபின் எது ஒழுங்காக வெளியே போகிறது என்பதும் எனக்கு அதே அளவு முக்கியம். போகாமல் பின்னணியில் ஓடும் மிச்சம் மீதிகள் பதிவின் நடுவே ‘டக் டக்’ என்று சத்தம் போட வைக்கும்.

இந்த விஷயத்தில் முதல் மதிப்பெண் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குத்தான். நிறுவும்போதே ‘போர்ட்டபிள் இன்ஸ்டால்’ என்பதில் டிக் செய்தால் நிரல், அமைப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிவிடும். வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதை நீக்கினாலும் அமைப்புகள் விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில் தங்கும். புதிய பதிப்புக்கு மாறும்போது இது வசதிதான். ஆனால் கோளாறைச் சரிசெய்வதற்காக நீக்கி மறுபடி போடுகிறவர்களுக்குப் பழைய அமைப்பே திரும்பி வரும். அப்போது நிறுவும் திரையில் ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’ என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரிய தலைவலி பிளகின்கள்தான், அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவிகள். அவற்றில் விஎஸ்டி3 வகைக்கு விண்டோஸின் காமன் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் ‘விஎஸ்டி3’ என்று ஒரு நிலையான இடம் உண்டு. பழைய விஎஸ்டி2 வகைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும். எனவே விஎஸ்டி3 மட்டும் போதும் என்று நிறுவும்போதே மற்றவற்றின் டிக்கை எடுத்துவிடுகிறேன். சில நிறுவனங்கள் ஒரு சின்ன ஈக்வலைசருக்குக்கூட (ஒலியின் தன்மையைச் சரிசெய்யும் பிளகின்) நிறுவவும் நீக்கவும் தனி மேனேஜர், உரிமம் சரிபார்க்கப் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் என்று கூட்டமாக வந்து இறங்கும். நான் வாங்கிய ஒரு தொகுப்பை நீக்கிய பிறகும் அதன் சர்வீஸ் ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் எழுந்து உட்கார்ந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்கு இப்படிச் செய்வது நியாயமே இல்லை. இப்படிப்பட்டவற்றில் முதலில் பிளகின்களை நீக்குங்கள், கடைசியாக மேனேஜரை. மேனேஜர் முதலில் போய்விட்டால் மற்றவற்றை நீக்க வழி தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

அப்புறம் டிரைவர்கள், அதாவது கருவியைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்கள். ஒலிப்பதிவுக்கென்றே உள்ள ஆசியோ வகை டிரைவர் ஒவ்வொன்றும் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரைப் பதிந்து வைக்கும். நீக்கும்போது அது அழியாவிட்டால், இல்லாத கருவியின் பெயர் ரீப்பர் பட்டியலில் தெரியும், தேர்ந்தெடுத்தால் திறக்காது. பழைய இன்டர்ஃபேஸைக் கழற்றிய பின் டிவைஸ் மேனேஜரில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ போட்டுப் பாருங்கள், மங்கலாகப் பழைய பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றை நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கும் பெட்டி வந்தால் அதில் டிக் செய்வது நல்லது. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் கட்டாயம்.

உரிமத்தை மறக்க வேண்டாம். இத்தனை கணினிகளுக்கு மட்டும் என்று கணக்கு வைக்கும் மென்பொருளை டீஆக்டிவேட் செய்யாமல் (இந்தக் கணினியிலிருந்து உரிமத்தை விடுவிக்காமல்) நீக்கினால் அந்த இடம் நிரம்பியதாகவே கணக்கில் இருக்கும். விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன்பும் இதை முடித்துவிடுங்கள். பிறகு அந்த இடத்தை விடுவிக்க நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க நேரலாம்.