பெட்ரோல் பங்க் ஓரத்தில் "பத்து நிமிஷத்துல" கண்ணாடிச் சில்லு சரிசெய்பவர்களிடம் ஜாக்கிரதை

டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு, காரின் முன்கண்ணாடியில் இடப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய நட்சத்திர விரிசல். காப்பாற்றியிருக்கக்கூடிய கண்ணாடி. "பத்து நிமிஷம் சார், இருந்த இடமே தெரியாது" என்று சொல்லிப் பணம் வாங்கியவர், வெயிலில் கொதித்துக் கிடந்த கண்ணாடியில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். குழியில் ஒரு சொட்டுப் பசை விட்டு, நீல டார்ச் அடித்து, பிளேடால் சுரண்டிவிட்டு அனுப்பினார். அன்று பளிச்சென்றுதான் இருந்தது. சில நாளில் நட்சத்திரத்தின் கால்கள் வெளுத்தன. மதிய வெயிலில் ஏசி போட்டதும் ஒரு கால் விளிம்புவரை ஓடிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "கண்ணாடியே வீக்கு சார்" என்கிறார். பில்லும் கிடையாது.

இதில் முதல் தப்பு தண்ணீர். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் உடையும். அந்த விரிசல் முடியளவு மெல்லியது. தண்ணீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் இருக்கும் இடத்தில் ரெசின் (விரிசலை நிரப்பும், புறஊதா ஒளியில் இறுகும் பசை) பிடிக்காது, பின்னால் வெண்மை படரும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டாலே விரிசல் ஓடவும் கூடும்.

இரண்டாவது தப்புதான் பெரியது: காற்றை வெளியே எடுக்கவே இல்லை. சொட்டுச் சொட்டாக எவ்வளவு ஊற்றினாலும், உள்ளே காற்று இருக்கும்வரை ரெசின் கால்களின் நுனிக்குப் போகாது. குழியின் வாயை மட்டும் மூடும். மூடிய வாய் இறுகியபின் அதன் வழியே இன்னொருவர் ரெசின் செலுத்துவதும் பெரும்பாலும் நடக்காது. சூப்பர் க்ளூ விட்டாலும் இதே கதிதான். ஈரப்பதம் பட்டதுமே இறுகி வழியை அடைத்துவிடும்.

ரெசின், சிரிஞ்சு, தாங்கி எல்லாம் சேர்ந்த கிட் வாங்கினால் வீட்டிலேயே ஒழுங்காகச் செய்யலாம். கல் பட்டவுடன் தெளிவான செலோ டேப் ஒட்டி, தூசியும் மழையும் புகாமல் காப்பாற்றுங்கள். 25 மி.மீ.க்குள் அடங்கும் சேதத்தை மட்டும் தொடுங்கள். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருப்பது, விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்குள் இருப்பது, உள்தகடு வரை இறங்கியது, கண்ணாடிக்குப் பின்னால் காரில் பொருத்தியிருக்கும் கேமராவுக்கு முன்னால் வருவது ஆகியவற்றை வீட்டில் செய்ய வேண்டாம். பக்கக் கண்ணாடி பொதுவாக டெம்பர்டு வகை (உடைந்தால் சிறு துண்டுகளாக நொறுங்குவது), பின்கண்ணாடியும் அப்படித்தான். அவற்றுக்கு இந்த வேலையே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். "அதையும் பண்ணித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

காலை நேரம், நிழல், தொட்டால் சூடு தெரியாத கண்ணாடி. இந்த மூன்றும் அவசியம், ஏனென்றால் வெயில் பட்டால் ரெசின் உள்ளே போவதற்கு முன்பே இறுகிவிடும். ஊசி நுனியால் குழியிலுள்ள கண்ணாடித் தூளை மெல்ல எடுங்கள். அழுத்திக் குடையக் கூடாது. கிட்டில் வரும் உறிஞ்சு கப் தாங்கியின் குழாய், குழிக்கு நேர்மேலே உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ரெசின் வெளியே கசியும். மூன்று நான்கு சொட்டு விட்டு, சிரிஞ்சை இழுத்துப் பூட்டி 5 முதல் 10 நிமிடம் வெற்றிடத்தில் வையுங்கள். குமிழ்கள் மேலே வருவது தெரியும். பிறகு காற்றை விட்டு, அதே அளவு நேரம் அழுத்தம் கொடுங்கள். இதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். கைதேர்ந்தவரே செய்தாலும் இந்தப் பகுதி மட்டும் அரை மணி நேரம் பிடிக்கும்; பத்து நிமிடப் பேச்சை நம்பாததற்கு இதுவே காரணம்.

இறுக வைப்பதற்கு முன் சரிபார்த்தே ஆக வேண்டும். காருக்குள் உட்கார்ந்து, சாய்வாகச் சாதாரண டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளிபோல் மினுங்கும் கால் எல்லாம் இன்னும் காற்று உள்ள கால். நல்ல ரெசினின் ஒளிவிலகல் கண்ணாடிக்கு நெருக்கமாக இருப்பதால் நிரம்பிய கால் கண்ணுக்கு மங்கி மறையும். மினுங்கல் இருந்தால் மறுபடி வெற்றிடம்.

பிறகு குழியில் ஒரு சொட்டு, மேலே பிளாஸ்டிக் துண்டு, நேர் வெயிலில் 10 முதல் 15 நிமிடம். வெயிலுக்குப் பதில் புறஊதா டார்ச் என்றால் வெளியிலிருந்தே அடிக்க வேண்டும். நடுப்படலம் புறஊதாக் கதிரைத் தடுப்பதால் உள்ளிருந்து அடிப்பது வீண். மிச்சத்தை ரேசர் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். அடிபட்ட இடத்தில் லேசான தழும்பு நிற்கும், அது இயல்பு. "தெரியவே தெரியாது" என்பது விற்பனைப் பேச்சு.

கிட் வாங்கும்போது ரெசின் பாட்டில் வெளிச்சம் புகாததா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டைப் பிளாஸ்டிக் தாளில் விட்டு வெயிலில் வைத்தால் கெட்டியாக இறுக வேண்டும். பிசுபிசுத்தால் அது பழைய சரக்கு.

கடையில் கொடுப்பதாக இருந்தால், வேலைக்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, தாங்கியும் சிரிஞ்சும் இருக்கிறதா என்று கேளுங்கள். விரிசல் ஓடினால் பொறுப்பு யாருடையது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாருக்கு அந்தப் பில்லும் படமும்தான் கைகொடுக்கும்.