கோச்சிங் என்று சொல்லி எங்கள் மேனேஜரை இழந்தோம்: சிறு கம்பெனி நடத்துபவர்கள் படியுங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். போன வாரம் அதே கோச்சிங் கம்பெனி ஆட்கள் எங்கள் தொழிற்பேட்டையில் இன்னொரு யூனிட்டுக்கு வந்து போனார்கள் என்று தெரிந்தது. இனியும் பேசாமல் இருந்தால் தப்பு. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைச் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் யூனிட் கோயம்புத்தூர் குறிச்சிப் பக்கம். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், ஸ்லீவ் எல்லாம் ஜாப் வொர்க் செய்து கொடுக்கிறோம். 42 பேர் வேலை செய்கிறார்கள். அப்பா ஆரம்பித்தது, ஆறு வருடமாக நான் பார்க்கிறேன். புரொடக்‌ஷன் மேனேஜர் அப்பா காலத்து ஆள். லேத் ஆபரேட்டராகச் சேர்ந்து 19 வருடத்தில் மேலே வந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார்.

போன வருடம் ஆர்டர் கூடியது. டெலிவரி தேதி தவற ஆரம்பித்தது. பழைய ஆட்களை வைத்துக்கொண்டு பெரிதாகப் போக முடியாதோ என்ற பயம் எனக்கு. அந்த நேரத்தில்தான் அவினாசி ரோடு ஹோட்டல் ஒன்றில் மூன்று மணி நேர இலவச வகுப்பு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. போனேன். மேடையில் பேசியவர் நன்றாகவே பேசினார். "உங்க கம்பெனி வளராம இருக்கக் காரணம் உங்க செகண்ட் லைன்" என்றார், அதாவது முதலாளிக்கு அடுத்த நிலையில் இருக்கும் மேனேஜர்கள். நான் மனதுக்குள் வைத்திருந்ததை அவர் வாயால் கேட்டதும் விழுந்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தால் சலுகை விலை என்றார்கள். மேனேஜரோடு கோச் உட்கார்ந்து பேசும் பயிற்சி: ஆறு மாதம், 12 அமர்வு, மூன்று லட்சம், மேலே ஜிஎஸ்டி 54,000. முழுப் பணமும் முன்கூட்டியே.

முதல் அறிகுறி அங்கேயே கிடைத்தது, நான்தான் கவனிக்கவில்லை. டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டாம் என்றார்கள். எங்கள் ஆடிட்டர் விடவில்லை. புரொஃபஷனல் கட்டணத்துக்குப் பத்து சதவீதம் பிடித்தே ஆக வேண்டும் என்று 30,000 பிடித்துக் கட்ட வைத்தார். அப்புறம் இரண்டு மாதம் அவர்களுடைய பில் எங்கள் ஜிஎஸ்டிஆர் 2பி-யில் வரவே இல்லை. அதாவது எங்களிடம் வாங்கிய வரியை அவர்கள் ரிட்டர்னில் காட்டவில்லை, நாங்கள் கட்டிய வரியை எங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் கிடைக்கவில்லை. ஒருவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் எந்தெந்த மாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார் என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்திருந்தால் எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

சரி, பணக் கதையை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "எனக்கு எதுக்குங்க அம்மிணி இதெல்லாம், மிசின் ஓடுனாப் பத்தாதுங்களா?" என்றார். நான் கேட்டுக்கொண்டதற்காக ஒத்துக்கொண்டார். முதலில் ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட். முழுக்க இங்கிலீஷ். அவருக்குத் தமிழ்தான் சரளமாகப் படிக்க வரும், டிராயிங்கில் இருக்கும் இங்கிலீஷ் போதும் அவர் வேலைக்கு. தமிழில் இல்லையா என்று கேட்டதற்கு, யாரையாவது வைத்து நிரப்பச் சொன்னார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"யாரும் சொல்லாமயே நீங்களா எடுத்துச் செய்வீங்களான்னு கேக்குதுங்ணா."

"ஓனரைக் கேக்காம எப்படிக் கண்ணு செய்யறது? இல்லைன்னு போடு."

இதைச் சொன்ன மனிதர், ஒரு மழை நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பிண்டில் பேரிங் சத்தம் போடுகிறது என்று ஆபரேட்டர் போன் செய்ததும், என்னை எழுப்பாமல் பைக்கில் வந்து, விடிவதற்குள் மிஷினை ஓட வைத்தவர். காலையில் நான் வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங்க, சின்ன வேலை" என்றார். இல்லைன்னு போடு என்று அவர் சொன்னது மரியாதை. ரிப்போர்ட்டில் அது 'முன்முயற்சி குறைவு' என்று வந்தது. 24 பக்கம், கலர் படங்களோடு. இந்த மாதிரி டெஸ்டுகள் ஒருவர் எப்படிப் பழகுவார் என்பதைப் பேசிப் பார்க்கத்தான் உதவும், திறமையை அளப்பதற்கு இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது. அந்த 24 பக்கத்தை நான் நம்பினேன். 19 வருடத்தை நம்பவில்லை.

முதல் இரண்டு அமர்வுக்கு மேடையில் பேசியவரே வந்தார். மூன்றாவதிலிருந்து ஒரு இளைஞர். கேட்டால் "எங்க டீம்தான்" என்றார்கள். அவருக்கு ஃபேக்டரி வாசனையே கிடையாது. நான்காவதும் ஐந்தாவதும் ஜூமில். அண்ணா டூல் ரூமில் நின்றுகொண்டு காதில் போனை அழுத்தியபடி பேசினார். மாதக் கடைசி டிஸ்பேட்ச் நெருக்கடியில் இரண்டு அமர்வைத் தள்ளி வைக்கச் சொன்னோம். 48 மணி நேரத்துக்கு முன் சொல்லவில்லை என்று இரண்டையும் முடிந்த கணக்கில் எழுதிவிட்டார்கள். மூன்றாவது அமர்வின் முடிவிலேயே அண்ணாவை நீலச் சட்டையில் நிற்க வைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒரு பாராட்டு வீடியோவும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் என்னை ரிவியூ என்று கூப்பிட்டார்கள். நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அமர்வு நடந்த அறைக்குள் அண்ணா சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பதை எங்களிடம் சொல்லவில்லை என்பது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன். வேறு ஒரு கம்பெனி கூப்பிட்டது, இவர் இன்னும் பதில் சொல்லாமல் இருப்பது. என்னைப் பற்றி அவர் சொன்னதும் இருந்தது: "பெரியவர் கிட்டப் பேசற மாதிரி அம்மிணிகிட்டப் பேச முடியறதில்லை." கடைசி வரியில் 'வளர்ச்சிக்குத் தயாரில்லை, மாற்று ஏற்பாடு பரிசீலிக்கவும்' என்று இருந்தது. மாற்று ஆளைத் தேடித் தரும் சேவையும் அவர்களிடமே உண்டாம், அதற்குத் தனிக் கட்டணம்.

அதைப் படித்திருக்கவே கூடாது. படித்தேன். அதைவிட மோசமாக, மறுநாள் மீட்டிங் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, "வேற கம்பெனிக்குப் போகப் போறீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். கையிலிருந்த வெர்னியர் அளவுகோலை அதன் பெட்டியிலேயே மெதுவாக வைத்து மூடினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த ரூமுக்குள்ள சொன்னது வெளிய வராதுன்னு சொன்னாங்க அம்மிணி" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் நோட்டீஸ் கொடுத்து, எல்லா ஜாப் கார்டையும் அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு, அக்டோபரில் போய்விட்டார்.

அதற்கு அப்புறம்தான் இந்தத் தொழிலில் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப் என்று சொல்வார்கள், 1995இல் தொடங்கியது. அதன் நெறிமுறைப்படி, கம்பெனி பணம் கட்டி ஊழியருக்குக் கோச் வைத்தால், என்ன தகவல் கம்பெனிக்குப் போகும், என்ன போகாது என்பதை மூன்று தரப்பும் முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் கட்டுபவருக்குப் பொதுவாகப் போவது இலக்கு என்ன, அமர்வுகள் நடந்தனவா, முன்னேற்றம் உண்டா என்பதுதான். ஒருவர் மனதைத் திறந்து சொன்னது அவருடைய சம்மதம் இல்லாமல் முதலாளி மேஜைக்கு வரக் கூடாது. எங்களிடம் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. அண்ணாவிடம் ரகசியம் என்றார்கள், என்னிடம் ரிப்போர்ட் என்றார்கள்.

மேடையில் பேசியவருடைய விசிட்டிங் கார்டில் 'இன்டர்நேஷனல் சர்ட்டிஃபைட் மாஸ்டர் கோச்' என்று இருந்தது. ஐசிஎஃப்பில் மூன்று படி உண்டு: ஏசிசிக்கு 100 மணி நேரம், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் காட்ட வேண்டும். யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று அவர்கள் தளத்திலேயே தேடலாம். இவர் பெயர் அதில் இல்லை. நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்சும் தேவையில்லை. ஐசிஎஃப்பில் புகார் செய்யலாம் என்றால், அது அவர்களுடைய உறுப்பினர் மீதும் சான்றிதழ் வாங்கியவர் மீதும்தான் விசாரிக்கும். அந்தக் கதவும் எனக்கு மூடிவிட்டது.

மீதி ஐந்து அமர்வுக்கு உரிய 1,25,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பணம் தர மாட்டோம், வேறு வகுப்பில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். வக்கீல் யோசித்தார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். கம்பெனி பெயரில் பில் வாங்கியிருப்பதால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் வேறு, தகராறு என்றால் பெங்களூருவில் அவர்கள் நியமிக்கும் ஆர்பிட்ரேட்டரிடம், அதாவது கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவரிடம், போக வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனியாக ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி ஜெயிக்கவும் செலவு பிடிக்கும். இப்போதைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

கோச்சிங்கே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பீளமேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வருடமாகக் கோச்சிடம் போகிறார், தனக்காகப் போகிறார், நல்ல பலன் என்கிறார். அவருடைய கோச் மாதாமாதம்தான் பணம் வாங்குகிறார், தமிழில் பேசுகிறார், ஒரு அமர்வு பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று விட்டிருக்கிறார். நீங்கள் விசாரிக்கப் போனால், அந்தக் கோச்சிடம் ஏற்கனவே போன முதலாளியைக் கேட்காதீர்கள். முதலாளி அனுப்பி வைத்த ஊழியரைக் கேளுங்கள். யார் வருவார் என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஆளுக்கும் அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுத்து, உங்களுக்கு என்ன தெரிய வரும் என்பதை அவர் எதிரிலேயே பேசுங்கள்.

இன்னொன்று. எனக்குத் தேவைப்பட்டது கோச்சே இல்லை. கோச் கேள்வி கேட்டு ஒருவரை யோசிக்க வைப்பவர். எங்கள் டெலிவரி தள்ளிப்போனதற்குக் காரணம் மிஷின் செட்டிங் மாற்ற ஆகும் நேரமும், மெட்டீரியல் வரும் ஒழுங்கின்மையும். அதற்கு ஷாப் ஃப்ளோர் தெரிந்த கன்சல்டன்ட் வேண்டும். உத்யம் என்ற சிறு தொழில் பதிவு உள்ள யூனிட்டுகளுக்கு, உற்பத்தியில் வீணாவதைக் குறைக்க உதவும் ஒன்றிய அரசின் லீன் திட்டத்தில் அப்படி ஆள் வைக்கும் செலவில் 90 சதவீதம் வரை அரசே ஏற்கிறது. இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? அண்ணாதான். இந்தத் தொல்லை எல்லாம் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே, பக்கத்து யூனிட்டில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லி விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள், மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார்கள். திரும்பி வர முடியுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டுங்க அம்மிணி, அங்க ஒத்துக்கிட்டேன்" என்றார்.

ஒரே ஒரு உதவி கேட்டார். அந்த வீடியோவை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றார். மூன்று முறை எழுதிவிட்டேன், எடுக்கவில்லை. நீலச் சட்டை போட்ட ஒரு மேனேஜர் டூல் ரூம் வாசலில் நின்று, இந்தப் பயிற்சியால் எங்கள் கம்பெனியே மாறிவிட்டது என்று சொல்லும் விளம்பரம் உங்கள் போனில் வந்தால், அது எங்கள் டூல் ரூம். அவர் இப்போது எங்களிடம் இல்லை.