ஐஆர் தெர்மாமீட்டர்: ரப்பர் புகைப்புரையிலும் காற்றாலைப் பேனலிலும்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை, ஆரல்வாய்மொழிக் காற்றாலை மின்பேனல் இரண்டுக்கும் ஒரே ஐஆர் கன்தான் (தொடாமலே, அகச்சிவப்புக் கதிரை வைத்துச் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர்) வெகுநாளாக ஓடுகிறது. 8–14 மைக்ரான் அலைநீளக் கதிரைப் படிக்கும், தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்குமான விகிதம் 12:1, எமிசிவிட்டியை (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிர் விடும் என்பதற்கான எண்) மாற்றிக்கொள்ளலாம். 0.95-இல் நிலைத்த மலிவு மாடலும் ரப்பருக்குப் போதும்.

புகைப்புரையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன் காட்டுவது ஷீட்டின் மேல்பரப்புச் சூடு, அறைக் காற்றின் சூடு அல்ல. ஈர ஷீட்டில் தண்ணீர் ஆவியாகும்போது பரப்பு குளிரும். அதனால் காற்றைவிடக் குறைவாகவே காட்டும். அதை நம்பி விறகைக் கூட்டினால், ஏற்கெனவே காய்ந்து வரும் ஷீட்டுகள் 60 டிகிரியைத் தாண்டிக் குமிழ் விட்டுவிடும், தரமும் இறங்கிவிடும். அறைக்கு டயல் தெர்மாமீட்டர் தனியாகத் தொங்கட்டும். எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று தேடத்தான் கன். அடர்ந்த புகை குறுக்கே நின்றால் அளவு கெடும். கதவைத் திறந்து, புகை கலைந்ததும், ஷீட் ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பேனலில் சிக்கல் வேறு. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாது, எதிரே இருப்பதன் சூட்டைப் பிரதிபலிக்கும். கொதிநீர் உள்ள பளபளப்பான அலுமினியப் பாத்திரத்தை 0.95-இல் பார்த்தால் 40 டிகிரியை ஒட்டித்தான் வரும்! கரண்டை நிறுத்தியிருக்கும்போதே லக்கில் (கேபிள் முனையை இணைக்கும் உலோகத் துண்டு) கருப்பு பிவிசி டேப் ஒரு துண்டு ஒட்டி, லோடு ஏறிய பின் அந்த டேப்பைப் பார்க்க வேண்டும். 80 டிகிரிக்கு மேல் போகும் இடமென்றால் டேப் இளகும். அங்கே சூடு தாங்கும் மங்கல் கருப்புப் பெயின்ட்.

தூரம்தான் பெரிய தலைவலி. 12:1 என்றால் ஒரு மீட்டரில் 8 செ.மீ. வட்டம் முழுவதன் சராசரி வரும். லேசர் புள்ளி குறி மட்டுமே. 3 செ.மீ. லக்கை அங்கிருந்து அளந்தால் பின்னாலிருக்கும் தகடும் சேர்ந்து எண் இறங்கும். கிட்டப் போவது உயிருக்கு ஆபத்து. பேனல் வேலைக்கு 50:1 கன் அல்லது தெர்மல் கேமரா வாங்குங்கள். அக்ரிலிக் மூடி, கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களும் ஒரே லோடில் இருக்கும்போது ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால் அந்த ஜாயின்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடலோரக் குளச்சல் பக்கம் கொண்டுபோனால் லென்சில் உப்பு படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைக்கலாம். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே அளக்க வேண்டும். சந்தேகம் வந்தால், நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கி, நேர் மேலிருந்து பாருங்கள். 0-இலிருந்து 2 டிகிரிக்கு மேல் விலகினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.