சர்க்கரையைக் குறைத்து வீட்டில் பேக்கிங்: பல வருடப் பழக்கத்தில் நிலைத்தவை, கழன்றுபோனவை

எங்கள் வீட்டில் ஓவன் ஓய்ந்து கிடக்கிற வாரம் அபூர்வம். ரொட்டி, மஃபின், குக்கீஸ், பிறந்தநாள் கேக் என்று எதையாவது சுட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று இறங்கியபின் சந்தையில் உள்ள மாற்றுப் பொருட்கள் பெரும்பாலும் எங்கள் அலமாரிக்கு வந்து போய்விட்டன. இன்று அங்கே மிஞ்சியிருப்பது அதே பழைய வெள்ளைச் சர்க்கரைதான். என்ன, ஒரு பாக்கெட் தீர இப்போது ரொம்ப நாள் ஆகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் கலோரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்த்த சர்க்கரையிலிருந்து வரலாம். 5 சதவீதத்துக்குள் அடக்கினால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம். தேன், சிரப், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது வராது. இப்போது சாதாரண பட்டர் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை. 200 கிராம் சர்க்கரை போட்டு எட்டுத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 25 கிராம். அதன்மேல் பட்டர் ஐசிங் பூசினால் கதையே வேறு. ஐசிங்கில் வெண்ணெயைப் போல் இரண்டு மடங்கு ஐசிங் சர்க்கரை போகிறது. ஆகவே கேக்கில் கை வைப்பதற்கு முன் ஐசிங்கை நிறுத்துங்கள். நாங்கள் நீர் வடித்த கெட்டித் தயிரையோ, இனிப்பில்லாமல் அடித்த கிரீமையோ பூசி மேலே பழம் அடுக்குகிறோம். வேறு எந்த உத்தியும் இவ்வளவு பெரிய பலன் தந்ததில்லை.

அடுத்தது கேக்குக்குள் இருக்கும் சர்க்கரை. அது இனிப்புக்கு மட்டும் இருப்பதல்ல. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றை உள்ளே இழுப்பது அதுதான். ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதும், மேல்தோலுக்குப் பொன்னிறம் தருவதும் அதுவே. மாவுச்சத்தும் முட்டையும் இறுகும் வெப்பநிலையை அது உயர்த்தி வைப்பதால், கேக் இறுகுவதற்குள் நன்றாக உப்ப அவகாசம் கிடைக்கிறது. சர்க்கரையைக் குறைத்தால் கேக் சீக்கிரம் இறுகிவிடும்; உப்பல் குறையும், மேலே வெடிக்கும், மறுநாளே வறண்டுபோகும். என் அனுபவத்தில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்குகளும் மஃபின்களும் தாங்கும். பாதியாக்க வேண்டுமென்றால் செய்முறையையே மாற்ற வேண்டும்: ஈரத்துக்குத் தயிரோ பழக்கூழோ சேர்த்து, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே குச்சி குத்திப் பார்க்க வேண்டும். நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் உள்ளே காய்ந்துவிடும். சர்க்கரை குறைந்த கேக் வெளுப்பாகத்தான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

குக்கீஸ் தனி ரகம். ஓவன் சூட்டில் சர்க்கரை உருகிப் பாகாவதால்தான் உருண்டை பரவித் தட்டையாகிறது. அளவைக் குறைத்தால் வைத்த உருண்டை வைத்தபடியே வெந்து வெளியே வரும். டம்ளர் அடியால் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அழுத்திவிட்டு ஓவனில் வைக்கிறேன். மொறுமொறுப்பும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஓட்ஸும் பொடித்த பாதாமும் சேர்த்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

இனி மாற்று இனிப்புகள். சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் வகையைச் சேர்ந்த எரித்ரிட்டாலை ரொம்ப நாள் பயன்படுத்தினேன். கலோரி கிட்டத்தட்ட இல்லை, சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் சாப்பிட்டதும் நாக்கில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. கேக் ஆறியதும் உள்ளே மறுபடி கற்கண்டுத் துகளாகி நறநறக்கும். பழுப்பு நிறமும் ஏறாது. 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் சுவையும் பிடிக்காத ஒன்றை வாங்கி அடுக்க எனக்கு அதற்குமேல் மனமில்லை. ஸ்டீவியா ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது, சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. அதனால் ஒரு சிட்டிகை போதும், அதனாலேயே கேக்கின் கனத்துக்கு வேறு ஏதாவது சேர்க்க வேண்டும். கசப்பான பின்சுவை வேறு. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சூட்டில் இனிப்பை இழப்பதால் ஓவனுக்கு ஒத்துவராது. எரித்ரிட்டால் வகையைச் சேர்ந்த சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. செல்லப்பிராணி இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். இதே 2023-ல் உலக சுகாதார நிறுவனமும், உடல் எடையைக் கட்டுப்படுத்த செயற்கை, இயற்கை மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எரித்ரிட்டால், சைலிட்டால் வகையும் அதில் சேர்த்தியில்லை.

தேன், பழுப்புச் சர்க்கரை பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். பழுப்புச் சர்க்கரையில் கொஞ்சம் பாகுக் கழிவு கூடுதல், அவ்வளவே. மணத்துக்காகப் போடுங்கள், உடம்புக்கு நல்லது என்று மட்டும் போடாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. பேரீச்சம்பழக் கூழ் நல்ல பொருள், நார்ச்சத்தும் இருக்கிறது. ஆனால் அதன் எடையில் பாதிக்குமேல் சர்க்கரை. "சர்க்கரையே சேர்க்காத கேக்" என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிடுவதற்கு அது வசதி செய்து கொடுக்கிறது. பல்லில் வேறு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட ஒன்று வாழைப்பழ ரொட்டி. தோல் கறுத்த பழமாக உரித்தபின் 300 கிராம், முழுக்கோதுமை மாவு 200 கிராம், பொடித்த பாதாம் 50 கிராம், முட்டை இரண்டு, எண்ணெய் 80 மில்லி, தயிர் 100 மில்லி, சர்க்கரை 50 கிராம், பேக்கிங் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள். பழத்தை மசித்து ஈரப் பொருட்களோடு மாவையும் கலந்து இருபது நிமிடம் வைத்துவிடுங்கள். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். இந்த இடைவெளி இல்லையென்றால் துண்டு வாயில் மணல் மாதிரி உதிரும். சோடாவைக் கடைசியில் சலித்துச் சேர்த்து உடனே ஓவனில் வையுங்கள், தயிரின் புளிப்பு பட்டதுமே அது வேலையைத் தொடங்கிவிடும். 175 டிகிரியில் 45 நிமிடம் போல. பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு 5 கிராம்தான் சேர்த்த சர்க்கரை. உப்பும் பட்டையும் இனிப்பைத் தூக்கிக் காட்டும், அவற்றை விட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பாகச் சாப்பிட்டால் இனிப்பு நன்றாகத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்தால் மங்கும்.

ஆனாலும் குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டை மாற்றியது கேக் இல்லை, ரொட்டி. ரொட்டிக்குச் சர்க்கரையே வேண்டாம். மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்து ஈஸ்ட்டுக்குத் தீனி போட்டுவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் சுவையும் கூடியிருக்கும். உப்பிலும் கவனம் வேண்டும். வழக்கமாக மாவின் எடையில் 2 சதவீதம் போடுவார்கள், நான் 1.5 போடுகிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தினமும் தின்கிற ரொட்டியில் குறைவது, எப்போதாவது வெட்டுகிற கேக்கில் குறைவதைவிடக் கணக்கில் பெரியது. இனிப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு தந்திரம்தான் வேலை செய்தது: சொல்லாமல் செய்வது. ஒவ்வொரு முறையும் 10, 15 கிராமாகக் குறைத்தேன். ஒருநாள் வெளியில் வாங்கிய கேக்கைக் கடித்துவிட்டு, "அம்மா, இது ஏன் இப்படித் தித்திக்குது?" என்று மகள் கேட்டபோதுதான் நாக்கு மாறியிருப்பது எங்களுக்கே உறைத்தது. சில மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே இனிப்பு கூடுதலாகத் தெரிந்ததை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். பழைய உணவுக்குத் திரும்பியதும் அந்த மாற்றமும் போய்விட்டதாம். சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 1995-லேயே பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து அப்படியொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறந்தநாள் விழாவில் ஆட்டம் போடாமல் வேறு எங்கே போடுவார்கள்?

மாமியாருக்கு நீரிழிவு. அவருக்கு நான் கொடுக்கிற உத்தரவாதம் சின்னது. சர்க்கரை குறைந்த கேக், மாவு குறைந்த கேக் ஆகிவிடாது. முழுக்கோதுமை மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராம் அளவுக்கு கார்போஹைட்ரேட் இருக்கிறது. ஆகவே அவருக்கு மெல்லிய ஒரு துண்டு, அதுவும் சாப்பாட்டோடு, சாப்பாட்டில் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு. மருத்துவர் சொன்னபடி சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்கிறார். எது ஒத்துக்கொள்கிறது என்பதில் அந்த எண்தான் எங்கள் வீட்டில் நீதிபதி.

சாமான்களில் இரண்டு போதும்: டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர். கப் அளவில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நடக்காத காரியம். ஓவன் முகப்பில் காட்டும் டிகிரியை நம்பவும் முடியாது.

ஒரு தொல்லை தீரவேயில்லை. சர்க்கரை குறைந்தால் கேக் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு நாளுக்குமேல் வெளியில் தாங்குவதில்லை. ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக விறைத்துவிடும், அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரம் இறுகுகிறது. ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குகிறோம். மெரிங்கு, மக்ரோன் போல முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்பவற்றில் சர்க்கரையைக் குறைக்க முயலவே வேண்டாம். முட்டை வெள்ளை தாங்காமல் நீர் விட்டுவிடும். அவற்றை எழுதியிருக்கிற அளவிலேயே, எப்போதாவது, சின்னதாகச் செய்யுங்கள்.